இரைச்சலுக்குள் இருந்தவர்கள்

ஒருமுறை கலந்துவிட்ட ஒலியைப் பிரிக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் ரூபிணி இருபது வருடமாக இசை செய்துவந்தாள். கரைத்த புளியை மறுபடி ஓடும் கொட்டையுமாக மரத்தில் தொங்கவிட யாராலும் ஆகாது. அதுபோலத்தான் இதுவும் என்று நினைத்திருந்தாள்.

அவள் இசையில் ராகம் இல்லை, தாளம் இல்லை, பாடகர் இல்லை. துறைமுகத்துக் கிரேன்களின் முனகல், டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க்குள் தண்ணீர் உரசும் சத்தம் என்று ஊர் ஊராகப் போய்ப் பிடித்துவருவாள். ஒன்றை நாற்பது மடங்கு மெதுவாக்குவாள். இன்னொன்றைத் தலைகீழாக ஓட்டுவாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கணினியில் அரைப்பாள். கேட்பவரின் அடிவயிற்றில் இருட்டு இறங்குவது போலிருக்கும். எழவு வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று அவள் அம்மா ஒருமுறை சொன்னாள். ரூபிணிக்கு அது பாராட்டாகவே பட்டது. சென்னையில் அவளைக் கேட்க நாற்பது பேர் வந்தால் அதிகம். வெளிநாடுகளில் மட்டும் அரங்கு நிறையும்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'குளிர்' என்ற ஒரே தொகுப்பு. பதினோரு வருடத்துக்கு முன் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, உப்பங்கழி ஓரத்தில் இருந்த ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையின் பின்சுவரில் ஒட்டுமைக்குகளைப் பொருத்தி, அதன் குளிரூட்டும் கம்ப்ரசர்களின் உறுமலைப் பதிவுசெய்தாள். ஒட்டுமைக் என்பது காற்றை விட்டுவிட்டு, சுவருக்குள் ஓடும் அதிர்வை மட்டும் கேட்பது. கழிக்கரையில் தன் பக்கத்தில் ஒரு சாதாரண மைக்கையும் வைத்திருந்தாள்; அதில் விழுந்ததெல்லாம் உறுமலுக்கு அடியில் அமுங்கிப்போயிருந்தது. அன்று பிற்பகல் அவள் அங்கிருந்த நேரத்திலேயே ஆலைக்குள் அம்மோனியாக் குழாய் வெடித்திருக்கிறது. உள்ளே இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களில் பதினான்கு பேர் செத்துப்போனார்கள். மறுநாள் காலை வேதாரண்யத்தில் ஒரு விடுதித் தொலைக்காட்சியில்தான் அவளுக்குச் செய்தி தெரிந்தது.

பதிவில் உறுமலுக்கு அடியில் தடதடவென்று ஒரு சத்தம் இருந்தது. பனிக்கட்டிப் பெட்டிகளை அடுக்குகிறார்கள் என்று அங்கிருந்தபோது நினைத்திருந்தாள். செய்தி பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஆனாலும் அதை யாரிடமும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. ஒரு மாதம் தூங்காமல் உட்கார்ந்து அதையே இசையாக்கினாள். செத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தொகுப்பின் பின்னட்டையில் 'பதினான்கு பேருக்கு' என்று அச்சிட்டாள். பிறகு மூலப் பதிவை அழித்துவிட்டாள். ஏன் அழித்தாய் என்று கேட்டால், பயம் என்பதைத் தவிர அவளிடம் பதில் கிடையாது.

விசாரணை ஆணையம் சைரன் ஒலித்தது என்றது, பின்கதவு திறந்திருந்தது என்றது. பெண்கள் பதற்றத்தில் வழி தெரியாமல் ஓடியதால் நேர்ந்த விபத்து என்று எழுதி மூடியது.

பத்து வருடத்துக்கு மேல் கழிந்த பிறகுதான் ஹபீபின் மென்பொருள் வந்தது. ஹபீப் ரூபிணியோடு கல்லூரியில் படித்தவன். தரமணியில் ஓர் ஒலி ஆய்வுக்கூடம் நடத்தினான். எவ்வளவு அரைத்த ஒலியாக இருந்தாலும் அதற்குள் போன ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துவிடலாம் என்று அவன் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு நடை இருக்கு ரூபி," என்றான். "திருவிழாக் கூட்டத்துல நம்ம வீட்டு ஆள பின்னாலருந்து பாத்தாலே தெரியுதில்ல? மூஞ்சி தெரிய வேண்டியதில்ல. நீ நாப்பது மடங்கு இழுத்தாலும் அந்த நடை மாறாது. இந்த மெஷின் நடையப் புடிச்சிக்கும்."

மென்பொருள் வெளியான மூன்றாவது மாதம் அபிராமி வந்தாள். முப்பது வயது இருக்கும். இறால் ஆலைப் பெண்தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். செத்த பதினான்கு பேரில் தையல்நாயகி என்பவளின் தங்கை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைத் தொடாமல், வந்த காரியத்தைச் சொன்னாள். உயர்நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறது. சைரன் அடித்ததா, கதவு திறந்திருந்ததா என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் சாட்சி வேண்டும். உயிர்தப்பிய பெண்கள் சொன்னதை ஆணையம் ஏற்கவில்லை. கடையில் கிடைக்கும் 'குளிர்' தொகுப்பை ஹபீபிடம் கொடுத்துப் பார்த்தார்களாம். அது நசுக்கிச் சிறிதாக்கிய கோப்பு, போதாது என்றுவிட்டான். முழுத் தரத்தில் உள்ள கோப்பு ரூபிணியிடம் மட்டும்தான் இருந்தது.

"நான் அந்தப் பாட்டக் கேட்டிருக்கேன் மேடம்," என்றாள் அபிராமி. "பாட்டுன்னு சொல்லலாமான்னு தெரியல. முதல் தடவ கேட்டப்போ நாலாவது நிமிஷத்துல நிறுத்திட்டேன். எங்கக்கா அதுக்குள்ள எங்கயோ இருக்கான்னு தோணுச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் ரூபிணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அபிராமி அதை ஒரு முகவரி சொல்வதுபோலத்தான் சொன்னாள். ரூபிணி அலமாரியைத் திறந்து, கோப்பு இருந்த வட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

ஹபீபின் கணினிகள் ஆறு நாள் ஓடின. இழுத்ததைச் சுருக்கி, அடுக்கியதைக் கலைத்து, நாற்பத்தோரு நிமிட மூலப் பதிவைத் திரும்பச் செய்தன. ஏழாம் நாள் காலை அவன் ரூபிணியை மட்டும் கூப்பிட்டான். அபிராமியை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, முதலில் நீ கேள் என்றான்.

திரையில் தடங்கள் வரிவரியாக நின்றன. கம்ப்ரசர் ஒன்று, நீர்ப்பம்பு ஒன்று, காக்கைகள், கழித் தண்ணீர், பெண் குரல்கள் பதினான்கு, ஆண் குரல் ஒன்று. சைரனுக்கென்று ஒதுக்கியிருந்த தடம் தொடக்கம் முதல் முடிவுவரை கோடு போட்டதுபோல் தட்டையாகக் கிடந்தது. அடிக்கவே இல்லை. முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது.

எட்டாவது நிமிடத்தில் பெண்கள் பின்கதவுக்கு வந்திருந்தார்கள். ரூபிணி உட்கார்ந்திருந்த கரையிலிருந்து அந்தக் கதவு பதினைந்து அடி. நடுவில் ஒரு கருவேலம் புதர் மட்டும்தான். அன்று கடல்காற்று ஆலைப் பக்கமாக வீசியதால் வாடை அவளை எட்டவில்லை.

"வாட்ச்மேன் அண்ணே, தொறங்கண்ணே. கண்ணு எரியுது."

"சாவி ஆபீஸ்ல இருக்கும்மா," என்றது ஆண் குரல். "சார் சொல்லாம நான் தொறக்க முடியாது. கொஞ்சம் பொறுங்க."

பிறகு தட்டல் ஆரம்பித்தது. ரூபிணி பனிப்பெட்டிச் சத்தம் என்று நினைத்தது. ஒரு கை, இரண்டு கை, பல கைகள். 'குளிர்' தொகுப்பின் மூன்றாம் பகுதியில் அதை எட்டு மடங்கு மெதுவாக்கி, பேரிகைபோல ஆக்கியிருந்தாள். விமர்சகர்கள் அந்த இடத்தைத்தான் அதிகம் புகழ்ந்திருந்தார்கள்.

அந்த ஆண் குரல் சிங்காரவேலு என்ற காவலாளியுடையது என்று ஹபீப் சொன்னான். பின்கதவு திறந்துதான் இருந்தது என்று ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர் அவர். உத்தரவு கொடுத்த மேலாளரின் குரல் இதில் எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? அவர் இருந்தது வேறெங்கேயோ. மைக்குக்குப் பக்கத்தில் நின்றவன்தான் அதில் விழுவான்.

"இன்னும் இருக்கு," என்றான் ஹபீப். இருபத்து இரண்டாவது நிமிடத்தைத் தாண்டி, அதுவரை திரையில் காட்டாத ஒரு தடத்தையும் சேர்த்து ஓடவிட்டான்.

சருகில் ஓடிவரும் செருப்புச் சத்தம். மூச்சு வாங்கும் அதே ஆண் குரல், இப்போது மிக அருகில். "அம்மா, அம்மா. ஒங்க போன கொஞ்சம் குடுங்கம்மா. அவசரம்."

ஒரு பெண் குரல் பதில் சொன்னது. பதினான்கில் சேராத குரல். "ஷ்... ரெக்கார்டிங் போயிட்டிருக்கு. அஞ்சு நிமிஷம் நில்லுங்க."

தட்டல் தொடர்ந்தது. ஒன்பது நிமிடத்துக்குப் பிறகு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் குரல் தனக்குள் சொல்லிக்கொண்டது: "ப்ச். நல்ல சத்தம். போச்சு." அதன்பின் மைக்குகளைக் கழற்றும் சத்தம்.

ரூபிணிக்கு அப்போதுதான் அந்த ஆளின் முகம் ஞாபகம் வந்தது. காக்கிச் சட்டை. ரத்தமாகச் சிவந்து நீர் வடிந்த கண்கள். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்தாள். காதை முழுக்க மூடிய ஹெட்ஃபோனில் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருந்ததால் அவன் வாய் அசைவதைப் பார்த்துத்தான் பேசினாள். அவன் என்ன கேட்டான் என்பதைப் பதினோரு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் முதல்முறை கேட்கிறாள்.

ஹபீப் திரையைப் பார்த்தபடியே பேசினான். "கோர்ட்டு கேட்டது ரெண்டே விஷயம். ரெண்டுக்கும் பதில் இருபத்தி ரெண்டாவது நிமிஷத்துக்குள்ள வந்துடுது. அதோட நிறுத்திக் குடுத்தா யாரும் கேக்கப் போறதில்ல. முடிவு உன்னோடது."

அப்படி நிறுத்தினால் சிங்காரவேலு கதவைத் திறக்க மறுத்தவர். முழுவதும் கொடுத்தால் உதவி தேடி ஓடியவர். இந்தக் கணக்கு ரூபிணிக்கு உடனே புரிந்தது. புரிந்தும் நான்கு நாள் அவகாசம் கேட்டாள். அந்த நான்கு நாளும் அவள் சாப்பிட்டாள், குளித்தாள், மின்னஞ்சல்களுக்குப் பதில் போட்டாள். ஐந்தாம் நாள் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள்.

சிங்காரவேலு சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், ஓர் ஒற்றை அறையில் இருந்தார். எழுபதை நெருங்கும் மனிதர். அம்மோனியா ஏறிய கண்களில் வெள்ளை படர்ந்திருந்தது. வாசல்படியில் உட்கார்ந்து தடவித் தடவிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவள் தன் பெயரைச் சொல்லி, சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னதும் கை நின்றது.

"கொரல் தெரியுதும்மா," என்றார். "கழிக்கரையில மெசின் வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பதிவு, மென்பொருள், அவர் போன் கேட்டது, தான் சொன்ன பதில். காதில் விழவில்லை என்று சொல்ல வாயெடுத்து, அதைச் சொல்லாமல் விட்டாள். முழுப் பதிவையும் கொடுக்கப் போவதாகவும், அவர் தீயணைப்புக்குப் போன் செய்ய ஓடிவந்தார் என்பது அதில் தெரியும் என்றும் சொன்னாள். அவர் தலைமேல் இருக்கும் பழியில் பாதியாவது இறங்கும் என்று நினைத்திருந்தாள்.

சிங்காரவேலு கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தார். பிறகு, "தீயணைப்புக்கா?" என்றார். "இல்லம்மா. சாருக்குப் பண்ணத்தான் கேட்டேன். தொறக்கலாமான்னு கேக்க."

"சாவி ஆபீஸ்ல இருக்குன்னு..."

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாங்க. எறா திருடு போவுதுன்னு பூட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து, யாரு கேட்டாலும் சாவி ஆபீஸ்லன்னு சொல்லணும். சாவி எங்கிட்டதாம்மா இருந்துச்சு." கீரைக் காம்பு ஒட்டிய கையை இடுப்பில் வைத்தார். "இங்க. அருணாக்கொடியில."

ரூபிணி அவர் இடுப்பையே பார்த்தாள்.

"முன்னாடி ஒருதடவ கேக்காம தொறந்ததுக்கு அந்த சார் என்னிய கேட்டுல நிக்கவெச்சி, அந்தப் பொண்ணுங்க முன்னாடியே காதப் புடிச்சி தோப்புக்கரணம் போடச் சொன்னாரு. அம்பத்தெட்டு வயசு அப்ப. அதான் மனசுல நின்னுச்சு. உள்ள இப்படி ஆவும்னு தெரியல. தெரிஞ்சிருந்தா தொறந்திருப்பேன்னு இப்ப சொல்றேன். தொறந்திருப்பேனான்னு தெரியலம்மா."

தன்னைப் பற்றி ஏன் ஆணையத்தில் சொல்லவில்லை என்று கேட்டாள். ஒங்களச் சொன்னா போன் எதுக்குன்னு கேப்பாங்க, போன் எதுக்குன்னா சாவி எங்கன்னு கேப்பாங்க என்றார். பிறகு கீரையை மறுபடி ஆயத் தொடங்கினார். அவள் எழுந்தபோது, எல்லாத்தையும் குடுத்துடுங்க, நானும் சொல்லிடுறேன் என்று மட்டும் சொன்னார். போகும்போது எதிர்வீட்டுப் பெண் கூப்பிட்டு அவளுக்கு மோர் கொடுத்தாள். அவர் யாரிடமும் பேசுவதில்லை என்றும், இவ்வளவு நேரம் பேசி இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னாள்.

சென்னைக்குத் திரும்புமுன் சங்க அலுவலகத்துக்குப் போய் அபிராமியிடம் ரூபிணியே சொன்னாள். காவலாளியின் சாவியைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. தன் குரலைப் பற்றிச் சொன்னாள். அபிராமி முகம் மாறாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அவர் போன் கேட்டதற்கும் தட்டல் நின்றதற்கும் நடுவில் எவ்வளவு நேரம்?

"ஒன்பது நிமிஷம்."

"ஒன்பது நிமிஷம்," என்று அபிராமி திருப்பிச் சொன்னாள். மேசைமேல் இருந்த நோட்டில் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு ரூபிணிக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று விசாரித்தாள்.

நீதிமன்றத்தில் நாற்பத்தோரு நிமிடமும் ஒலித்தது. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் தங்கள் வீட்டுக் குரல்கள் வரும்போது ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. பதிவு முடிந்ததும் சிங்காரவேலு கூண்டில் ஏறிச் சாவி தன் இடுப்பில் இருந்ததைச் சொன்னார். மேலாளரின் வழக்கறிஞர் எழுந்து, என் கட்சிக்காரரின் குரல் இந்தப் பதிவில் ஓரிடத்திலாவது உண்டா என்று ஹபீபைக் கேட்டார். இல்லை என்றுதான் ஹபீப் சொல்ல வேண்டியிருந்தது.

காவலாளிக்கு ஐந்து வருடம். மேலாளர் பெயரில் குற்றம் நிரூபணமாகவில்லை. சைரன் விஷயத்தில் ஆலைமேல் தனி வழக்குத் தொடரலாம் என்று தீர்ப்பு சொன்னது. அது இன்னும் நடக்கிறது. ரூபிணி கூண்டில் ஏறியபோது தான் செய்ததற்குப் பெயர் ஏதாவது இருக்கும், அதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. நீதிபதி குறிப்பை எழுதி முடித்துவிட்டு, நீங்கள் போகலாம் என்றார்.

'குளிர்' தொகுப்பை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடும்படி அவள் எழுதினாள். எடுத்தார்கள். அதற்குள் செய்தி பரவி, அதுவரை கேட்காதவர்களும் தேடிக் கேட்டார்கள். பிரித்த தடங்களை வைத்து யாரோ ஒருவன் புதிய இசை ஒன்று செய்து வெளியிட்டான். நல்ல வரவேற்பு என்று கேள்விப்பட்டாள்.

தீர்ப்பு வந்து இரண்டு மாதம் கழித்து அபிராமி மறுபடி ரூபிணியின் வீட்டுக்கு வந்தாள். பதினான்கு குடும்பங்களுக்கும் அவரவர் குரலைத் தனித்தனியே கொடுக்க நீதிமன்றம் அனுமதித்திருந்தது. தையல்நாயகியின் தடம் அவளிடம் இருந்தது. இரண்டு மாதமாகத் திறக்கவில்லை. தனியே கேட்க முடியவில்லை, வீட்டில் அம்மா முன்னால் கேட்கவும் முடியவில்லை என்றாள். வேறு யாரிடம் போவது என்று தெரியாமல் இங்கே வந்ததாகச் சொன்னாள்.

ரூபிணி ஹெட்ஃபோனை எடுத்துக் கொடுத்து, தடத்தை ஓடவிட்டு, அறையைவிட்டு வெளியே போனாள். கூப்பிட்டபோதுதான் உள்ளே வந்தாள்.

அக்கா கத்தவே இல்லை என்று அபிராமி சொன்னாள். புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணிடம், தாவணியை இறால் தொட்டித் தண்ணீரில் நனைத்து மூக்கில் வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். தரையோடு படுத்துக்கொள்ளச் சொல்கிறாள். பயப்படாதே, அண்ணன் திறந்துவிடுவார் என்கிறாள். ஆறு நிமிடம் அப்படியே பேசிக்கொண்டு இருக்கிறாள்.

அபிராமி ஹெட்ஃபோன் வயரைச் சுற்றி மேசைமேல் வைத்தாள். மாடிக்கு மேல் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிரிச்சுக் கேட்டா அவ மட்டும் தனியா இருக்கற மாதிரி இருக்கு மேடம்," என்றாள் அபிராமி. "அவ பேசிக்கிட்டே இருக்கா. பதில் சொல்ல ஒருத்தரும் இல்ல. மத்தவங்களோட சேத்துடுங்க."

"பதினாலு பேரையுமா?"

"எல்லாத்தையும். கம்ப்ரசர், தட்டுனது, அந்த அண்ணன். நீங்க சொன்னதையும்."

ரூபிணி உட்கார்ந்தாள். தடங்களை ஒவ்வொன்றாக வரிசையில் ஏற்றினாள். எதையும் இழுக்கவில்லை, மெதுவாக்கவில்லை. யார் எங்கே நின்றார்களோ அங்கேயே வைத்தாள். கடைசியாகத் தன் தடத்தை ஏற்றியபோது அது மற்ற எல்லாக் குரல்களையும்விடச் சத்தமாக இருந்தது. மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அவள்தானே. பழக்கத்தில் அதைக் குறைக்கக் கை போனது. அபிராமி அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபிணி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஓடவிட்டாள்.